தன்னார்வ ஆமை

நங்கூரத்தைப் போட்டது நான்தான். அந்தப் படகில் கருத்து வேறுபாடு இல்லாமல் முடிவான ஒரே விஷயம் அதுதான்.

கேப்டன் எனக்குக் கொடுத்தது சுலபமான வேலை. படகின் மூக்கில் நின்று சங்கிலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் கையைத் தூக்கினால் விட்டுவிட வேண்டும். தூக்கினார், விட்டேன். காதோரம் வந்த ஒரு பூச்சியை விரட்டத்தான் அவர் கையைத் தூக்கினார் என்பது பிறகு தெரிந்தது. அதே நேரம் கரையில் தீவுக்காரர்கள் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன பாசமான சனம் என்று நானும் ஆட்டினேன். அவர்கள் "அங்க வேணாம், அங்க வேணாம்" என்று ஆட்டியிருக்கிறார்கள்.

நங்கூரம் விழுந்த இடத்தில், தண்ணீருக்கடியில், எங்கள் கழகம் போன வருஷம் வைத்த பவளத் தோட்டம் இருந்தது. கம்பிச் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் நன்கொடையாளர் பெயரை அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பவளத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட படகு, தான் பெற்று வளர்த்த பவளத்தின் உச்சந்தலையிலேயே இறங்கியது. முதலில் குமிழிகள் வந்தன. பிறகு 'அன்புடன், ஒரு பற்பசை நிறுவனம்' என்ற அட்டை மேலே மிதந்து வந்து, என்னைப் பார்த்தபடி மல்லாந்தது.

நான் தொழிலில் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கடலுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைக்காவிட்டாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். அப்படிப்பட்டவன் பாய்மரப் படகில் தொண்டு செய்யக் கிளம்பியதற்கு என் தங்கைதான் காரணம். அவள் அந்தத் தீவின் சுகாதார நிலையத்தில் நர்ஸ். அங்கே டாக்டர், கம்பவுண்டர், காவலாளி, எல்லாம் அவளேதான். ஒருநாள் போன் செய்தாள்.

"அண்ணே, பெட்டி நின்னு போச்சு."

"எந்தப் பெட்டி?"

"தடுப்பூசி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ். கம்ப்ரசர் செத்துருச்சு போல. போன லாஞ்ச்லதான் மருந்து வந்துச்சு. ஊசி போடுற நாள் வந்த பிள்ளைங்களுக்கெல்லாம் உடனே போட்டுட்டேன். மத்த கைக்குழந்தைங்களுக்கு இன்னும் நாள் ஆகல. மருந்தை மீன் பெட்டியில ஐஸ் போட்டு வச்சிருக்கேன்."

"அடுத்த லாஞ்ச்ல நானே வந்துடறேன்."

"லாஞ்ச் அடியில ஓட்டை. கரையில ஏத்திப் போட்டிருக்காங்க. ஐஸ் கரையுதுண்ணே."

சின்ன வயதிலிருந்தே அவள் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இதையும் ஒரு தகவல் மாதிரிதான் சொன்னாள். அதனால்தான் என்னால் உட்கார முடியவில்லை. துறைமுகத்தில் விசாரித்ததில், அந்தப் பக்கம் போகிற ஒரே படகு கழகத்தின் படகு என்று தெரிந்தது.

கழகத்தின் முழுப்பெயர் 'காற்றின் வழியே தீவு வாழ்வும் கடல் வளமும் காக்கும் தன்னார்வப் பாய்மரக் கழகம்'. கேப்டன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் படகு ஒரு தடவை திசை மாறிவிடும். அதன் அலுவலகத்தில் என்னை நேர்காணல் செய்தவர் தலைமை ஒருங்கிணைப்பாளர் மேடம். அறை முழுக்க மீன் படங்கள். சுவரில் ஒரு ஏ.சி. கரகரத்துக்கொண்டிருந்தது. அதன் விசிறியில் பேரிங் போய்விட்டது என்று எனக்குக் கை அரித்தது. அடக்கிக்கொண்டேன்.

"கடல் உங்ககிட்ட என்ன சொல்லுது?" என்று கேட்டார் மேடம்.

"இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல மேடம்."

அவர் கண்களை மூடி, "அருமை" என்றார். "நிறைய பேர் கடல் பேசுதுன்னு பொய் சொல்வாங்க. நீங்க அதோட மௌனத்தைக் கேட்டிருக்கீங்க."

எடுத்துக்கொண்டார்கள்.

புறப்படும் அன்று சாமான்களை நிறுத்தார்கள். ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் என்று கணக்கு. கம்ப்ரசரையும் கருவிப் பையையும் வைத்ததும் தராசு முள் எல்லையைத் தாண்டியது. கம்ப்ரசரா கால்சட்டைகளா என்ற கேள்வி வந்தது. என் துணிமணிகள் கரையிலேயே தங்கின. ஃபிரிட்ஜுக்கு நிரப்பும் கேஸ் டப்பாவைப் பார்த்ததும் மேடத்தின் முகம் மாறியது.

"இது வானத்துக்கு ஆகாத பொருளாச்சே!"

"இது பெட்டிக்குள்ளயே சுத்துற கேஸ் மேடம். வெளியில வராது."

"எல்லா ஆபத்தும் ஆரம்பத்துல அப்படித்தான் சொல்லும்" என்று சொல்லி, அதை 'அபாயம்' என்று எழுதிய மரப்பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பிறகு எல்லோருடைய போன்களையும் ஒரு பையில் வாங்கிக்கொண்டார்; கடலோடு ஒன்றிப்போவதற்காம். கேமராக்காரருடைய போன் மட்டும் ஒன்றவில்லை. நாங்கள் ஒன்றுவதை அவர் படம்பிடிக்க வேண்டியிருந்தது.

என் துணிமணிகளுக்கு இடம் இல்லாத படகில் வேறு என்னென்னவோ இருந்தன. தீவுக்காரர்கள் பிளாஸ்டிக்கை விட்டுவிட வேண்டும் என்பதற்காகத் துணிப்பைகள், ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். 'எங்கள் கனவுகள்' என்று எழுதிய மடக்குச் சுவர் ஒன்று. ஆள் உள்ளே புகுந்துகொள்ளும் பெரிய ஆமை வேஷம் ஒன்று. அந்த ஆமைக்குப் படுக்கை ஒதுக்கப்பட்டிருந்தது. நான் அதன் காலடியில் தரையில் படுத்தேன்.

காற்றால் மட்டுமே பயணம் என்பது கழகத்தின் விரதம். படகில் இன்ஜின் இருந்தது. அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, 'இது நம் கடந்த காலம்' என்று பலகை வைத்திருந்தார்கள். ஆனால் காற்று செத்துப் படகு அசையாமல் நின்றால், மேடம் உடனே மௌன நேரம் அறிவிப்பார். எல்லோரும் கண்ணை மூடி உட்கார வேண்டும். கொஞ்ச நேரத்தில் கீழிருந்து 'டுபு டுபு டுபு' என்று ஒரு சத்தம் வரும். படகு அதிரும், முகத்தில் காற்றடிக்கும்.

"கேக்குதா? திமிங்கிலம்!" என்பார் மேடம் மெல்லிய குரலில். "நம்மள வழிநடத்துது."

"திமிங்கிலத்துக்கு இன்ஜெக்டர் அடைச்சிருக்கு மேடம்" என்றேன் ஒரு தடவை.

மௌன நேரத்தில் பேசியதற்காக எனக்கு அன்று மாலை டீ கிடைக்கவில்லை.

இப்படித்தான் தீவு கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்து, நான் நங்கூரத்தையும் போட்டேன்.

கேப்டன் உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். மேடம் ஓடி வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராகக் குனிந்து நின்றேன். திட்டு வாங்கினால் சீக்கிரம் முடிந்துவிடும், கரைக்குப் போய்விடலாம். ஆனால் அவர் திட்டவில்லை.

"யாரும் அசையாதீங்க" என்றார். "இது ஒரு கற்றல் தருணம். கேமரா!"

நான் பவளத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவானது. படகு விளிம்பில் மண்டியிட்டுத் தண்ணீரைப் பார்த்து, "பவளமே, என்னை மன்னிச்சிடு" என்றேன். சூரியன் மேகத்துக்குள் போய்விட்டதால் திரும்பக் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். "இன்னும் கொஞ்சம் உள்ளேர்ந்து வரணும்" என்றார் மேடம். உள்ளேயிருந்து காலை டீதான் வந்தது. அதுவும் படமானது.

வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்: "மேடம், எப்ப இறங்குவோம்? தங்கச்சி காத்துக்கிட்டு இருப்பா. மருந்து..."

"'எப்ப'ங்கறது கரைக்காரங்க கேள்வி" என்றார் மேடம் கனிவாக. "நாம தீவுக்குப் போறது முக்கியமில்ல. தீவு நமக்குள்ள வரணும்."

"அது வர்றதுக்குள்ள நான் ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்."

"சம்பவம் நடந்திருக்கு. விசாரிக்காம இறங்கினா அந்தக் கனத்தை நாம மக்கள்மேல இறக்கி வைக்கிற மாதிரி ஆயிடும்."

கேப்டனிடம் கேட்டேன். "காத்து சொல்லணும்" என்றார். நங்கூரம் போட்டு நிற்கிற படகுக்குக் காற்று என்ன சொல்லப்போகிறது என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கீழே போய்விட்டார்.

சம்பவ ஆய்வுக்குழுவின் தலைவராக இன்சூரன்ஸ்காரர் நியமிக்கப்பட்டார். அவர் என்னைப் போன்ற தொண்டர்தான். ஆயுள் முழுக்க இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களை நிராகரித்து ஓய்வு பெற்றவர். குழு என்றால் அவருக்கு உயிர். எல்லோரும் மேல்தளத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். கையில் சங்கு வைத்திருப்பவர் மட்டும்தான் பேசலாம். கடலிலிருந்து சங்கை எடுப்பது கொள்கைக்கு விரோதம் என்பதால் அது பிளாஸ்டிக் சங்கு. பிளாஸ்டிக்கும் கொள்கைக்கு விரோதம் என்பதால் அதற்கு ஒரு காலுறை மாட்டியிருந்தார்கள்.

சங்கு முதலில் இன்சூரன்ஸ்காரரிடம் போனது. "நங்கூரம் பவளத்துமேல விழுந்ததா, பவளம் நங்கூரத்துக்கு அடியில வந்ததா?" என்று ஆரம்பித்தார். "இதைத் தெளிவுபடுத்தாம மேல போக முடியாது."

அந்தத் தெளிவை நோக்கி நாங்கள் நகர்ந்துகொண்டிருந்தபோது கரையிலிருந்து ஒரு சின்ன மோட்டார் படகு சீறிக்கொண்டு வந்தது. ஓட்டி வந்தவள் ஒரு மீனவப் பெண். அவள் வருகிற வேகத்தைப் பார்த்தே தீவில் அவளுக்குப் 'புயல்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பது அப்புறம் தெரிந்தது. எங்கள் படகை ஒட்டி நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள்.

"இதுல ஃபிரிட்ஜ் அண்ணன் யாரு?"

எழுந்தேன். சங்கு என்னிடம் இல்லாததால் கையை மட்டும் தூக்கினேன்.

"நர்சக்கா அனுப்பிச்சாங்க. ஐஸ் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்குமாம். ஏறுங்க. என் பொண்ணுக்கு அடுத்த வாரம் ஊசி போடணும்."

மேடம் விளிம்புக்கு வந்தார். "வணக்கம் சகோதரி. உங்க படகுல இன்ஜின் இருக்கா?"

"இல்லாம? நீந்தியா வந்தேன்?"

"அதுதான் சிக்கல். எங்க தொண்டர் ஒருத்தர் மோட்டார்ல ஏறினா எங்க மொத்தப் பயணத்தோட புகையற்ற சான்றிதழும் போயிடும். நீங்க துடுப்புப் போட்டு வர முடியுமா?"

புயல் கரையைத் திரும்பிப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் துடுப்பா, எனக்கா?" என்றாள்.

"தப்பா நினைக்காதீங்க. இதுல ஒரு தத்துவம் இருக்கு. நாங்க உதவி செய்ய வந்தவங்க. உங்ககிட்ட நாங்க உதவி வாங்கிட்டா, அப்புறம் அறிக்கையில யாரு யாருக்கு உதவினாங்கன்னு குழப்பம் வந்துடும்."

"மேடம், நாமளே திமிங்கிலத்துலதான வந்தோம்" என்றேன்.

மேல்தளத்தில் உண்மையான மௌன நேரம் ஒன்று நடந்தது. கேப்டன் மட்டும் ஒரு தடவை இருமினார்.

புயல் விடவில்லை. "போன வருஷம் வந்து என்ன வேணும்னு கேட்டீங்களே, நாங்கதான் சொன்னோமே. தண்ணித் தொட்டி வேணும், லாஞ்சுக்கு அடிப்பலகை வேணும், ஆஸ்பத்திரிக்கு நல்ல ஃபிரிட்ஜ் வேணும்னு. அதுல ஒண்ணாவது கொண்டாந்தீங்களா?"

"ஞாபகம் இருக்கு" என்றார் மேடம், உருகிப்போய். "எங்களுக்குப் பெரிய பாடமே அதுதான். ஜனங்ககிட்ட என்ன வேணும்னு கேட்டா, அவங்க வேணுங்கறதச் சொல்லிடறாங்க. அப்புறம் எதிர்பாக்கறாங்க. எதிர்பார்ப்பு ஏமாற்றத்துல கொண்டு விடும். உங்கள ஏமாத்த எங்களுக்கு மனசு வரல. அதனால இந்த வருஷம் கேள்வியையே மாத்திட்டோம். 'நீங்க கடலா இருந்தா என்ன நிறமா இருப்பீங்க?'"

புயல் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஏறுறீங்களா இல்லையா?"

இந்த இடத்தில் நான் குதித்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். கம்ப்ரசர் கீழே இருந்தது. கேஸ் பூட்டிக் கிடந்தது. சாவி மேடத்தின் கழுத்தில். இவை எல்லாம் நல்ல காரணங்கள். இன்னொரு காரணமும் உண்டு: பவளத்தை உடைத்தவன் நான். உடைத்தவன் பாதி விசாரணையில் எழுந்து போனால் நன்றாகவா இருக்கும் என்று கூச்சமாக இருந்தது. மேடம் வேறு என் தோளில் கை வைத்தார். "ஒருத்தர் எழுந்தா வட்டம் உடைஞ்சிடும். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அரை மணி நேரம். நாங்களே உங்கள மரியாதையா இறக்கி விடறோம்."

"நீ போம்மா. இதோ வந்துடறேன்" என்றேன்.

"வந்துடுவீங்களா?"

"வந்துடுவேன்."

புயல் கயிற்றை இழுத்து இன்ஜினை முடுக்கிக் கிளம்பினாள். அவளுடைய புகை எங்கள் வட்டத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விசாரணையைத் தொடர்ந்தார்கள்.

அரை மணி நேரம் என்பது கழகத்தில் ஒரு மனநிலை. இன்சூரன்ஸ்காரர் சங்கைப் பிடித்துக்கொண்டு, சிறுவயதில் தன் மாமா தன்னைக் கிணற்றில் தள்ளிவிட்டதைச் சொல்லி அழுதார். கேமராக்காரர் தன் காதல் தோல்வியைப் பகிர்ந்தார். சங்கு என்னிடம் வந்ததும், "எப்ப இறங்குவோம்?" என்றேன். "பாருங்க, இன்னும் அவசரம் வடியல" என்று சொல்லிச் சங்கை வாங்கி எதிர்ப்பக்கம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு உட்கார்ந்த இடம் பொறுக்கவில்லை. எழுந்தால் வட்டம் உடைகிறது. உட்கார்ந்தால் கரையில் ஐஸ் கரைகிறது. தீவின் சுகாதார நிலையம் அங்கிருந்தே தெரிந்தது. நீலக் கதவு. அதன் வாசலில் ஒரு பெண் வந்து நின்று கடலைப் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தாள். என் தங்கை நடப்பது எனக்குத் தெரியாதா?

வெயில் சாய்ந்ததும் அவள் வெளியே வருவது நின்றுபோனது.

"ஐஸ் கரைஞ்சிருக்குமா?" என்று பக்கத்திலிருந்த இன்சூரன்ஸ்காரரைக் கேட்டேன்.

"கரையறதுன்னா என்னன்னு முதல்ல வரையறுக்கணும்" என்றார்.

மறுநாள் காலையில் அறிக்கை தயாராகிவிட்டது. நங்கூரம் விழுந்தது விபத்து அல்ல. 'கடலடியுடன் எதிர்பாராத ஆழ்ந்த தொடுதல்'. உடைந்த தோட்டம் இனிமேல் தியானத் திடல். அதற்குப் புதிதாக நன்கொடை திரட்டப்படும். எல்லோரும் கைதட்டினார்கள். குற்றவாளி என்ற முறையில் எனக்கும் ஒரு பங்கு கைதட்டல் கிடைத்தது.

"இப்ப இறங்கலாமா?" என்றேன்.

"இறங்கலாம். முறைப்படி" என்றார் மேடம்.

முறை இதுதான். கரையில் முதலில் காலடி வைப்பவர் மனிதராக இருக்கக் கூடாது, அது ஆதிக்கம். ஆகவே முதலில் கடலின் தூதுவராக ஆமை இறங்கும். மணலில் களைத்து விழும். தீவு மக்கள் அதைத் தூக்கிக் கடலில் விடுவார்கள். அப்போது மேடம் இறங்கி உரையாற்றுவார். உரைக்குப் பிறகு கனவுச் சுவர். அதன் பிறகு துணிப்பைகள். தொண்டர்கள் மாலையில் இறங்கலாம்.

ஆமையாக நடிக்க வேண்டியவர் இன்சூரன்ஸ்காரர். அவர் தலையை மாட்டிப் பார்த்து, "கிணத்துக்குள்ள இருக்கற மாதிரியே இருக்கு" என்று கழற்றி வைத்துவிட்டார்.

"நான் ஆமையாகறேன்" என்றேன்.

மேடம் தயங்கினார். "பவளத்தை உடைச்சவரு... கடலோட தூதுவரா..." திடீரென்று கண்கள் விரிந்தன. "பவளத்தை உடைச்சவரே ஆமையா மாறுறாரு! இதவிட நல்ல கதை நமக்குக் கெடைக்காது. கேமரா!"

வேஷம் போட்டுக்கொள்ளக் கீழ் அறைக்குப் போனேன். அபாயப் பெட்டியில் இருந்தது நல்ல பூட்டு. ஆனால் கீல்கள் சாதாரணக் கீல்கள். திருப்புளியை வைத்து ஒரு திருகு திருகியதும் மூடி பின்பக்கமாகத் திறந்துகொண்டது. இதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நேற்று புயல் கீழே காத்திருந்தபோது இதைச் செய்திருக்கலாமே என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பையும் ஆமைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். கேஸ் டப்பாவும் கருவிப் பையும் வயிற்றில். கம்ப்ரசர் முதுகு ஓட்டுக்குள். நிமிர்ந்து நிற்பதே பெரும்பாடாக இருந்தது. ஆமைகள் ஏன் அப்படி நடக்கின்றன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"என்ன ஒரு உடல்மொழி!" என்று மேடம் வியந்தார்.

ரப்பர் படகில் கேப்டன் துடுப்புப் போட்டார்; மேடமும் கேமராக்காரரும் கூட வந்தார்கள். கரையில் தீவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். என்னை இறக்கிவிட்டார்கள். நாலு அடி தவழ்ந்து, திட்டப்படி களைத்து விழுந்தேன். அதில் நடிப்பு எதுவும் இல்லை. நாலைந்து பேர் வந்து தூக்கப் பார்த்தார்கள்.

"என்னய்யா இது, ஆமை இரும்பாட்டம் கனக்குது" என்றார் ஒருவர்.

"உள்ள இரும்புதான் இருக்கு. விடுங்க" என்றது ஆமை.

அவர்கள் துள்ளி விலகினார்கள். நான் நிமிர்ந்து கரையின் உள்பக்கமாகத் தவழ ஆரம்பித்தேன். ரப்பர் படகிலிருந்து மேடத்தின் ஒலிபெருக்கி அலறியது. "ஆமையே! கடல் இந்தப் பக்கம்!"

நான் நிற்கவில்லை. தவழ்ந்தால் நேரமாகும் என்று எழுந்து இரண்டு காலில் ஓடினேன். கூட்டம் 'ஓ'வென்றது. வலை காயப்போட்ட இடத்தைத் தாண்டி, தண்ணீர்க் குழாயடியில் வரிசையாக இருந்த குடங்களில் ஒன்றை உருட்டிவிட்டு, குடத்துக்காரி சொன்ன வார்த்தையையும் வாங்கிக்கொண்டு, சந்துக்குள் திரும்பினேன். ஒரு நாய் குரைத்துக்கொண்டே கூட வந்தது. அதற்குப் பின்னால் கேமராக்காரர். குழாயடியிலிருந்த புயல் இடுப்புக் குழந்தையோடு முன்னால் ஓடிவந்து வழியை விலக்கினாள்.

"யாருடி அது?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"மெக்கானிக்கு, மாமா. தள்ளுங்க!"

கடற்கரையில் மேடம் சமாளித்துவிட்டார். ஒலிபெருக்கி கேட்டது: "பாருங்கள்! கடல் இன்று நம் வீடுகளைத் தேடி வருகிறது! மக்களின் இதயத்தை நோக்கி ஓடுகிறது!" நான் ஆஸ்பத்திரியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன். கைதட்டல் சத்தம் வந்தது. தட்டியது கழகத்துக்காரர்கள்தான்; எனக்கு அந்தத் தட்டல் பழக்கம்.

நீலக் கதவு திறந்திருந்தது. ஒரு மேஜை, ஒரு கட்டில், எடை பார்க்கும் தொட்டில். மூலையில் ஃபிரிட்ஜ், வாயைப் பிளந்துகொண்டு, கதவு மூடாமலிருக்கச் செங்கல் முட்டுக் கொடுத்து நின்றது. அதன் பக்கத்தில் மீன் பெட்டி. அதைச் சுற்றித் தரையெல்லாம் தண்ணீர். என் தங்கை முட்டிபோட்டு உட்கார்ந்து, மருந்துச் சீசாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீசாவின் மேலே ஒரு சின்னக் கட்டம் உண்டு. சூடு பட்டால் அது கறுத்துவிடும், கறுத்தால் மருந்து உதவாது. அவளுடைய வலப்பக்கம் ஒரு தட்டு, இடப்பக்கம் ஒரு தட்டு. இரண்டிலும் சீசாக்கள் இருந்தன.

வாசலில் ஆமை நிற்பதை அவள் பார்த்தாள். ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. நேற்று முழுக்க எங்கள் படகைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"அண்ணனா?" என்றாள்.

"ஆமா."

முதுகு ஓட்டைக் கழற்றிக் கம்ப்ரசரைத் தரையில் வைத்தேன். கேஸை எடுத்து வைத்தேன். பையை எடுத்து வைத்தேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆமைத் தலையை மட்டும் கழற்றாமல் அதன் வாய் ஓட்டை வழியாகவே கேட்டேன்.

"நேத்து அந்தப் பொண்ணோட படகுல நான் ஏறி வந்திருந்தா?"

பின்னாலேயே கேமராக்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார். "அண்ணே, அதெல்லாம் அப்படிச் சொல்ல முடியாது, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு..." என்று ஆரம்பித்தார். தங்கை அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கேமராவைக் கீழே இறக்கினார்.

"எல்லாமே நல்லா இருந்திருக்கும்ணே" என்றாள் அவள். "இப்பப் பாதி போச்சு. மீதி இருக்கு. பெட்டி இன்னிக்கே ஓடினா அது தப்பிக்கும், இல்லன்னா அதுவும் போகும். தலையைக் கழட்டி வச்சுட்டு வேலையைப் பாரு."